கரைந்துபோகும் கொழுப்பும் ராமனின் ஒளியும்

(நாட்றாம்பாளையத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக நோயாளியின் விலாப்பக்கம் ஊசி செலுத்தித் திசு எடுக்கிறார்கள். ஆய்வகத்துக்குப் போன அந்தத் திசுவிலிருந்து முதலில் வெளியேறிவிடுவது கொழுப்புதான். ஃபார்மலினில் ஊறிய திசுவை ஆல்கஹாலில் போட்டு நீரை நீக்குகிறார்கள். பிறகு சைலீனில் நனைக்கிறார்கள். அதன்பின் உருகிய பாரஃபின் மெழுகில் புதைக்கிறார்கள். ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். மெழுகுக் கட்டியை மைக்ரோடோமில் நான்கைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஹெமடாக்சிலின், இயோசின் என்ற இரு சாயங்களை ஏற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இளஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாக வட்ட ஓட்டைகள் தெரியும். கொழுப்பு குடியிருந்த இடங்கள் அவை. மருத்துவர் எண்ணிச் சொல்வது அந்த ஓட்டைகளைத்தான்.

உலகெங்கும் கொழுப்புக் கல்லீரலின் தரம் பெரும்பாலும் இந்த ஓட்டைகளை வைத்தே சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் டேவிட் கிளைனரும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில், கொழுப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றால் சுழியம். 5 முதல் 33 வரை ஒன்று. 33 முதல் 66 வரை இரண்டு. அதற்கு மேல் மூன்று. விழுக்காட்டைக் கணிப்பது பயின்ற மனிதக் கண். அந்தக் கண்ணுக்கு மரியாதை உண்டு. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனாலும் ஓட்டையைப் பார்த்து, அதில் இருந்தது எந்த வகைக் கொழுப்பு என்று எவராலும் சொல்ல இயலாது. உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு செல்லை நிறைக்கும் பெருந்துளி தெளிவாகத் தெரியும். செல் முழுக்கச் சிதறி நிற்கும் நுண்துளிகள் பல நேரம் தப்பிவிடும்.

முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நெருக்கமாகக் கொழுப்பைப் பார்த்தார்கள். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1836இல் ஈரலின் கொழுப்புச் சிதைவைப் பற்றி எழுதினார். வில்லியம் போமன் 1842இல் அதன் நுண்ணமைப்பை விவரித்து லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார். மெழுகில் புதைக்கும் முறை அப்போது வந்திருக்கவில்லை; கொழுப்பு கொழுப்பாகவே கண்ணில் பட்டது. மெழுகு வந்து மெல்லிய சீவல்கள் கிடைத்தன, செல்களின் உருவம் துலங்கியது, கொழுப்பு தொலைந்தது. தொலைந்ததை மீட்கத் திசுவை உறையவைத்துச் சீவினார்கள். 1896இல் இத்தாலியரான டாடி, சூடான் III என்ற சாயம் கொழுப்பில் ஊறிச் சிவப்பாவதைக் காட்டினார். அதன் வழியில் வந்த ஆயில் ரெட் ஓ இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. அந்தச் சாயத்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவமே சிறு துளிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடக்கூடும் என்பது ஒரு தொல்லை. எல்லாக் கொழுப்பையும் ஒரே சிவப்பாகக் காட்டும் என்பது இன்னொன்று.

நாட்றாம்பாளையத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில், காவிரிக் காடுகளின் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம். வடக்கே தேன்கனிக்கோட்டையைத் தாண்டிப் போனால் ஓசூர் சிப்காட்; அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று தொழிற்சாலைகள். அதற்கும் அப்பால் அத்திப்பள்ளி, பெங்களூரு. இந்தப் பகுதியில் பல குடும்பங்களில் அப்பா காட்டு வேலை செய்தவர், மகன் நைட் ஷிப்ட் போகிறவர். வீட்டில் களி கிண்டுவது குறைந்து, மூன்று வேளையும் அரிசி என்றாகியிருக்கிறது. இடையிடையே சர்க்கரை போட்ட டீ. கம்பெனியில் எடுக்கும் உடல் பரிசோதனையில் ஸ்கேன் அறிக்கை வருகிறது: ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கிற முதல் கேள்வி, “எனக்குக் குடிப்பழக்கமே இல்லையே, எப்படி வந்தது?” என்பதுதான். அடுத்த கேள்வி, “நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்?”

இரண்டு கேள்விகளுக்கும் அறிவியலில் வரலாறு உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜர்கன் லுட்விக்கும் சகாக்களும் 1980இல் இருபது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். திசுவைப் பார்த்தால் குடிகாரரின் ஈரல். விசாரித்தால் குடிப்பழக்கம் இல்லை. நுண்ணோக்கி அதுவரை ஒரு முடிவைச் சொன்னது, நோயாளி இன்னொன்றைச் சொன்னார்; மருத்துவம் நோயாளியை நம்பவில்லை. அந்த இருபது பேரின் வார்த்தையை ஏற்றுக்கொண்டபோதுதான் புதிய நோய் ஒன்று ஏடேறியது. இன்றைக்கும் ஈரல் கெட்டது என்ற செய்தி கேட்டதும் ஊர் ஒருவரை எப்படிப் பார்க்கிறது என்பதை நினைத்தால், அந்தக் கட்டுரையின் அருமை விளங்கும்.

ஒல்லி உடம்பின் கதை இந்தியாவிலேயே எழுதப்பட்டது. மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், 8.7 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் உடல் நிறைக் குறியீடு 25க்கும் கீழே. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 541 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது: 32 விழுக்காடு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேல். வெளியே மெலிந்தும் உள்ளே கொழுப்பு சேர்ந்தும் இருக்கும் இந்திய உடம்பைப் பற்றிப் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். கைகால் மெலிவைப் பார்த்து ஈரலைத் தீர்மானிக்க முடியாது.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? 2005இல் டோனெல்லி குழுவினர் தடய அணுக்களைக் கொண்டு அதைக் கணக்கிட்டார்கள். நோயாளிகளின் ஈரலில் இருந்த கொழுப்பில் ஏறக்குறைய 59 விழுக்காடு, உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. 26 விழுக்காட்டை ஈரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாரித்திருந்தது. சாப்பாட்டின் எண்ணெய், நெய்யிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடு மட்டும். கொழுப்பு என்றதும் எண்ணெயை மட்டும் ஒதுக்கிவிட்டு, தட்டு நிறையச் சோற்றையும் டீயில் சர்க்கரையையும் தொடர்பவர்கள் இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, சாயமே இல்லாமல் கொழுப்பைக் கொழுப்பாகவே பார்க்கும் கருவிக்கு வரலாம். அதன் வேர் தமிழ் மண்ணிலிருந்து போன இருவரிடம் இருக்கிறது. திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன் ஒருவர். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் மற்றவர். கல்கத்தாவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இருவரும் சேர்ந்து திரவம் திரவமாக எடுத்து, அவற்றின் வழியே வடிகட்டிய சூரிய ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே போன ஒளியின் நிறத்தோடு, அதில் இல்லாத புது நிறமும் மங்கலாக வெளிவந்தது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் அதைக் கண்டார்கள். 1928 பிப்ரவரி 28 அன்று அது உறுதியானது. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு. பரிசு அறிவிப்பில் கிருஷ்ணனின் பெயர் இல்லை. அந்த நாட்களின் உழைப்பில் அவருடைய பங்கை விட்டுவிட்டு இந்தக் கதையைத் தமிழில் சொல்லக் கூடாது.

புது நிறம் ஏன் வருகிறது? மூலக்கூறுகளில் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன. மோதுகிற ஒளித்துகள் அந்த அதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால், அது நிறம் மாறி வெளியேறும். எவ்வளவு மாறியது என்று அளந்தால் எந்தப் பிணைப்பு என்று சொல்லிவிடலாம். கொழுப்பின் நெடுஞ்சங்கிலியில் ஒரு கார்பனோடு இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்த அலகுகள் வரிசையாக நிற்கின்றன; பாமிட்டிக் அமிலத்தில் மட்டும் இப்படிப் பதினான்கு. இந்த அலகின் அதிர்வு சென்டிமீட்டருக்கு 2845 அலைகள் என்ற இடத்தில் விழுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 85 லட்சம் கோடி முறை. புரதத்தின் அதிர்வு 2930 அருகே தனித்து நிற்கிறது. எனவே ஒளியைக் கொண்டே கொழுப்பையும் புரதத்தையும் பிரித்துவிடலாம்.

தடை ஒன்றுதான்: ராமன் ஒளி மிக மிக மங்கல். சிதறுகிற ஒளித்துகள்களில் நிறம் மாறுவது சுமார் கோடியில் ஒன்று. அதை வைத்துப் புள்ளி புள்ளியாகத் திசுவைப் படமெடுக்க மணிக்கணக்காகும்.

1960இல் லேசர் வந்தது. ஐந்தாண்டு கழித்து மேக்கர், டெர்ஹூன் என்ற இருவர், ஒன்றுக்குப் பதில் இரண்டு லேசர் கதிர்களைச் சேர்த்துச் செலுத்தினால் மூலக்கூறின் அதிர்வு பெருகிப் பலமான ஒளி பிறப்பதைக் கண்டார்கள். அவர்கள் பணியாற்றியது ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். வாகனத் தொழிலை நம்பி வாழும் ஓசூர்க்காரர்கள் இதைக் கவனிக்கலாம்: கார் செய்கிற நிறுவனம் கார் சம்பந்தமில்லாத அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது, அதன் பலன் இன்று ஈரல் நோயாளிக்கு வருகிறது. சிப்காட்டில் அப்படி ஓர் ஆய்வுக்கூடம் ஏன் இருக்கக் கூடாது?

இரண்டு லேசர்களின் வேலையை ஊஞ்சலை வைத்து விளக்கலாம். ஊஞ்சல் தானாக ஆடும் கதிக்கு ஒத்து ஒவ்வொரு முறையும் தள்ளினால் அது உயர உயரப் போகும்; கதி தப்பினால் எழும்பாது. இரு லேசர்களின் அலைவெண் வேறுபாடு 2845க்குச் சரியாக அமைந்தால், கொழுப்பின் பிணைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே கதியில் ஆடுகின்றன. 1064 நானோமீட்டர் லேசரோடு 817 நானோமீட்டர் லேசரைச் சேர்த்தால் அந்த வேறுபாடு கிடைத்துவிடும். 1982இல் டங்கனும் சகாக்களும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இந்த முறையில் முதல் நுண்ணோக்கியைக் கட்டினார்கள். அது அதிகம் பரவவில்லை. 1999இல் சும்புஷ், ஹோல்டம், சன்னி ஷீ மூவரும் அதை எளிமையாக்கி உயிருள்ள செல்லைப் பார்க்க வைத்தார்கள். 2008இல் ஹார்வர்டில் ஷீயின் குழு தூண்டிய ராமன் சிதறல் நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தியது. முந்தைய முறையில் பின்னணி ஒளி கலந்து படத்தைக் குழப்பும். இதில் அந்தக் குழப்பம் பெரும்பாலும் நீங்கியது. அதைவிட முக்கியம், வரும் சைகையின் அளவு கொழுப்பின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிரகாசம் இரு மடங்கு என்றால் கொழுப்பும் இரு மடங்கு. கண் மதிப்பீட்டுக்கு அங்கே வேலை இல்லை.

இந்தக் கருவியில் ஈரல் திசுவை வைத்தால் என்ன தெரிகிறது? ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. மெழுகுச் சீவலில் இயல்பான செல் போலத் தோன்றியது, நூற்றுக்கணக்கான நுண்துளிகளைச் சுமந்துகொண்டிருப்பது புலனாகிறது. ஈரல் சிறு சிறு நுண்மடல்களால் ஆனது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம், நடுவே ஒரு சிரை. பெரியவர்களுக்கு வரும் நோயில் கொழுப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவான அந்த நடுச்சிரையைச் சுற்றித் தொடங்குகிறது. குழந்தைகள் பலருக்கு வெளி விளிம்பில். எனவே மொத்த விழுக்காடு ஒன்றாக இருந்தாலும் அது நிற்கிற இடம் வேறாக இருக்கலாம். வரைபடம் என்ற சொல்லுக்கு இங்கே முழு உரிமை உண்டு.

எந்தக் கொழுப்பு என்பது அடுத்தது. இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் 3015 பக்கத்தில் தன் அடையாளத்தைக் காட்டும். பாமிட்டிக் அமிலத்துக்கு அங்கே ஒன்றும் இருக்காது. செல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல. 2003இல் லிஸ்டன்பெர்கரும் சகாக்களும் செல் வளர்ப்பில் காட்டியது இது: ஒலியிக் அமிலம் துளிகளாகத் திரண்டு பத்திரமாகச் சேமிக்கப்படுகிறது, பாமிட்டிக் அமிலம் துளியில் சேராமல் வெளியே நின்று செல்லைக் கொல்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வெய் மின் குழுவினர் 2017இல் இன்னும் ஆழமாகப் போனார்கள். பாமிட்டிக் அமிலத்தின் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியத்தை ஏற்றினார்கள். டியூட்டீரியப் பிணைப்பின் அதிர்வு, செல்லில் வேறு எதுவும் பேசாத 2100 பக்கத்தில் விழும். உள்ளே போன அமிலம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அதைக் கொண்டு பின்தொடர்ந்தபோது, செல்லின் உட்சவ்வுகளில் அது கெட்டிப்பட்ட திட்டுகளாக உறைந்திருப்பதைக் கண்டார்கள்.

இதன் விளைவு பெரிது. துளிகளே நோய் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2007இல் யமகுச்சியும் சகாக்களும் எலிகளின் ஈரலில் துளி உண்டாக்கும் நொதியைத் தடுத்தார்கள். கொழுப்பு குறைந்தது, ஈரலின் அழற்சியும் தழும்பும் கூடின. துளி ஒரு வகையில் பாதுகாப்புப் பெட்டகம். அப்படியானால் ‘கிரேடு 1’, ‘கிரேடு 2’ என்று அளவை மட்டும் சொல்லும் அறிக்கை பாதிக் கதையைத்தான் சொல்கிறது. 2013இல் ஐயானோவும் சகாக்களும் உறையவைத்த மனித ஈரல் திசுக்களில் இன்னொன்றைக் கண்டார்கள். அழற்சி முற்றியவர்களின் கொழுப்புத் துளிகளுக்குள் கொலஸ்ட்ரால் படிகங்கள் மின்னின; வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்தவர்களிடம் அவை இல்லை. மெழுகில் போட்டிருந்தால் படிகமும் கரைந்திருக்கும், கண்டுபிடிப்பும் கரைந்திருக்கும்.

அதே கருவியில் அதே லேசர் இன்னொரு வேலையும் செய்கிறது. ஈரலில் தழும்பாகப் படியும் கொலாஜன் நார்கள், தம்மேல் விழும் ஒளியின் அலைவெண்ணை இரட்டிப்பாக்கித் திருப்பி அனுப்பும் இயல்புடையவை. அந்த ஒளியைத் தனியாகப் பிடித்தால் சாயமின்றித் தழும்பின் படம் கிடைக்கும். சிங்கப்பூரின் ஹிஸ்டோஇண்டெக்ஸ் நிறுவனம் இதைக் கொண்டு தழும்பை எண்ணாக அளக்கும் முறையை மருந்து ஆய்வுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. கொழுப்பின் படத்தையும் நாரின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எந்தத் துளியின் பக்கத்தில் தழும்பு முளைக்கிறது என்று பார்க்கலாம். ஈரல் நோயாளியின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தழும்புதான்.

உறுப்பு மாற்று அறுவையில் இதற்கு உடனடிப் பயன் இருக்கிறது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கொடைத் திட்டம் 2008 முதல் நடக்கிறது. கொடையாகக் கிடைத்த ஈரலில் பெருந்துளிக் கொழுப்பு மிகுந்திருந்தால் அது புதிய உடம்பில் வேலை செய்யாமல் போகும் அபாயம் உண்டு. 60 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். பனிப்பெட்டியில் இருக்கும் ஈரலுக்குக் கெடு சில மணி நேரம். நள்ளிரவில் உறைநிலைச் சீவல் எடுத்து, இருக்கிற மருத்துவர் கண்ணால் கணித்து முடிவெடுக்க வேண்டும். தவறாக அதிகம் கணித்தால் நல்ல ஈரல் வீணாகும். குறைவாகக் கணித்தால் ஏற்பவரின் உயிருக்கு ஆபத்து. சாயமேற்றாமல் சில நிமிடங்களில் அளந்து சொல்லும் கருவி அந்த இரவில் எவ்வளவு பெரிய துணை! மூளைக் கட்டி அறுவையில் இதே ராமன் முறையை அறுவை அரங்கிலேயே வைத்துப் பயன்படுத்த முடியும் என்று அமெரிக்காவில் டேனியல் ஆரிஞ்சரின் குழு 2017இல் காட்டியிருக்கிறது.

விலை உயர்ந்த கருவி ஏழை நாட்டுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தியக் குழந்தைகளின் ஈரல் சுருக்க நோயைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தியக் குடும்பங்களைக் கலங்கடித்த நோய் அது. ஐந்து வயதுக்குள் குழந்தையின் வயிறு உப்பி, ஈரல் கல்லாகி, பெரும்பாலும் சாவில் முடியும். வைரஸ், பரம்பரை, தாயின் உணவு என்று பல காரணங்களைத் தேடினார்கள். 1978இல் போர்ட்மன், டேனர், மோவாட், வில்லியம்ஸ் நால்வரும் அந்தத் திசுக்களில் ஆர்சீன் என்ற சாயத்தை ஏற்றினார்கள். செம்பைப் பிணைத்து வைத்திருக்கும் புரதம் பழுப்புத் துகள்களாக ஈரல் செல் முழுக்க வெளிப்பட்டது. செம்பு அங்கே எப்படி வந்தது? புனேயின் ஷீலா பவே, ஆனந்த் பண்டித் ஆகியோரோடு ஸ்டூவர்ட் டேனர் சேர்ந்து 1983இல் வெளியிட்ட ஆய்வு அடுப்படியைக் காட்டியது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். எவர்சில்வர் பாத்திரங்கள் வீடுகளில் பரவியதோடு அந்த நோய் இன்று அரிதாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சாயம் காட்டிய பழுப்புத் துகள், அடுப்பின் மேல் எந்தப் பாத்திரத்தை வைப்பது என்று சொல்லிக்கொடுத்தது. கொழுப்பின் வரைபடத்திலிருந்து எதிர்பார்க்க வேண்டியதும் இப்படிப்பட்ட, வீட்டுக்கு வரும் பதில்தான்.

இந்தக் கருவியின் எல்லைகளை மறைக்க வேண்டியதில்லை. லேசர் ஈரலுக்குள் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழமே போகும். தோலுக்கு மேலிருந்து பார்க்க முடியாது. திசு வேண்டும், திசுவுக்கு ஊசி வேண்டும், ஊசியில் ரத்தக்கசிவு அபாயம் சிறிதளவாவது உண்டு. ஊசியில் வரும் துண்டு மொத்த ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. பிரான்சில் ரட்ஸியு குழுவினர் 2005இல் 51 நோயாளிகளிடம் ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகள் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு துண்டில் தழும்பு முற்றியிருந்த 17 பேரில் 6 பேரின் மறு துண்டில் தழும்பு லேசாக இருந்தது அல்லது இல்லவே இல்லை. எவ்வளவு கூர்மையான நுண்ணோக்கியும் எடுக்காத துண்டைப் பார்க்காது. கருவியின் விலை கோடி ரூபாய்க் கணக்கு. மாவட்ட மருத்துவமனைக்கு இதை வாங்கி வைப்பது இப்போதைக்குத் தவறான செலவு என்பதே இந்த உரையின் கருத்து.

மாவட்டத்தில் இன்றே செய்யக்கூடியது வேறு. ஸ்கேனில் கொழுப்பு என்று வந்த எல்லோருக்கும் அடுத்துத் தெரியவேண்டியது தழும்பு இருக்கிறதா என்பது. அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது, 2006இல் வெளியானது. வயதை ஏஎஸ்டி என்ற ஈரல் நொதியின் அளவால் பெருக்க வேண்டும். அதை, ஆயிரக்கணக்கில் எழுதிய ரத்தத் தட்டணு எண்ணிக்கையையும் ஏஎல்டி என்ற இன்னொரு ஈரல் நொதி அளவின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒருவர் வயது 48, ஏஎஸ்டி 52, ஏஎல்டி 64, தட்டணு 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். 48ஐ 52ஆல் பெருக்கினால் 2,496, 180ஐ 8ஆல் பெருக்கினால் 1,440, விடை 1.73. 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேல் என்றால் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருக்கும் இவர், தழும்பை ஊசியின்றி வெளியிலிருந்தே கணிக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கப் போகலாம். ஏஎஸ்டி, ஏஎல்டி, தட்டணு மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். கணக்குப் போட செல்போன் போதும்.

இதற்கான பாதையும் இந்த மாவட்டத்தில் போட்டாகிவிட்டது. மத்திய அரசு 2021 பிப்ரவரியில் கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற அந்தத் திட்டப் பணியாளரின் பதிவேட்டில் ஃபிப்-4க்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். நீரிழிவு உள்ளவர்களிலிருந்து தொடங்கினால் பலன் விரைவில் தெரியும். எடையைக் குறைப்பதற்கு இருக்கும் சான்றும் வலுவானது. கியூபாவில் 293 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு ஈரல் அழற்சி நோய் மறைந்தது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. அந்த எல்லையைத் தொட்டவர்கள் சிலரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து விழுக்காடு எளிதில்லை, ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவருக்கு இன்னும் கடினம்.

ஆராய்ச்சிக்கும் இங்கே இடம் இருக்கிறது. ராமன் 1948இல் நிறுவிய ஆய்வுக்கழகம் பெங்களூரில் இன்றும் இயங்குகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் சிவா உமாபதியின் குழு அதிவேக ராமன் இழப்பு நிறமாலை முறையை 2009இலேயே உருவாக்கியது. சாலை வழியே சில மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது; அதன் பழக்கங்கள் இன்னும் கெட்டிப்படாத காலம் இது. எனவே ஒரு சிறு மாற்றத்தை இப்போதே கேட்கலாம். நோய்க்காகத் தேவைப்பட்டு எடுக்கும் ஒவ்வொரு ஈரல் திசுவிலும், நோயறிதலுக்குப் போதுமானதை வழக்கப்படி மெழுகுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சும் சிறு துணுக்கை ஃபார்மலினில் போடாமல் மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒருவரைக் குத்தக் கூடாது. உறைந்த துணுக்கில் கொழுப்பு கரையாமல் நிற்கும். பெங்களூரிலோ சென்னையிலோ கருவி இருக்கும் இடத்துக்கு அதை அனுப்பினால், கேழ்வரகு நாட்டிலிருந்து அரிசிக்கும் ஷிப்டுக்கும் மாறிய மெலிந்த உடம்புகளின் ஈரலில் எந்தக் கொழுப்பு, நுண்மடலின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று முதன்முறையாகப் பார்க்க முடியும். அதற்கு ஓர் ஆழ்குளிர்பெட்டி வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளியின் ஒப்புதல் படிவம் தமிழோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும். அஞ்செட்டி, தளி பக்கத்து வீடுகளில் பேசுகிற மொழிகள் அவை.